தூக்க நேரத்துக் கூட்டம்

கல்லியோ,
ஜனவரி 12, 2009

ஆசிரியர் உரிம வாரியத் தலைவி இர்மா நீமி அவர்களுக்கு,

நான் மூன்று கூட்டங்களிலும் இருந்தேன். மூன்றிலும் நான் வரவில்லை என்று எழுதினீர்கள். தொடர்ந்து மூன்று முறை வராதவரின் இருக்கை காலியாகிவிடும் என்ற விதியைக் காட்டி, போன வெள்ளிக்கிழமை என் இருக்கையைக் காலி என்று அறிவித்தீர்கள். முன்மொழிந்தவர் மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஹோவ்லண்ட். கை தூக்கியவர்களில் நீயும் ஒருத்தி. நடந்த அநியாயம் இவ்வளவுதான். இதில் சேர்க்கவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை.

அந்த இருக்கை என் சொத்து என்று நான் சொல்லவில்லை. வாரியத்தில் பதினோரு பேர். பத்துப் பேர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்களுக்காகவோ, அந்த ஆசிரியர்களை மேய்க்கிறவர்களுக்காகவோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஷூவை எந்தக் காலில் போடுவது என்று இன்னும் தெரியாத பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிறோமே நாங்கள், எங்களுக்கு இந்த மாநிலம் முழுக்க இருப்பது அந்த ஒற்றை நாற்காலி. நான் கல்லூரிப் படி மிதித்தவளில்லை. நூலகத்துப் புத்தகங்களைப் படித்து, செய்த வேலைக்குச் சாட்சிகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பி, உங்கள் வாரியத்திடமே உரிமம் வாங்கியவள். அதனால்தான் என்னை அதில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

உங்கள் உறை மத்தியானம் வந்தது. என் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் தூங்கும்போது பிரித்தேன். கிழிக்கிற சத்தத்துக்கு ஒட்டோ புரண்டு படுத்தான். அதனால் கோபத்தைக்கூட நான் மெதுவாகத்தான் படவேண்டியிருந்தது.

ஃபோனில் கூப்பிடாதே. ஃபோனில் நான் பேசுவதெல்லாம் பேசாததாக எழுதப்படுகிறது. உன் பதிலைக் காகிதத்தில் அனுப்பு.

ஹில்யா நீமி

*

தலைநகர்,
ஜனவரி 17

அன்புள்ள அண்ணி,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நீங்கள் என்னை எத்தனையோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இது மட்டும்தான் வலித்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபோன் வழியாகக் கூட்டத்தில் சேருகிறவரின் குரல் அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழ வேண்டும். விழுந்தால்தான் அவர் 'வந்தவர்'. இது நான் போட்ட சட்டமில்லை. எழுத்தர் லோர்னா ஒவ்வொரு முறையும் உங்கள் பேரைக் கூப்பிட்டாள்.

"மிஸஸ் நீமி, இருக்கீங்களா? மிஸஸ் நீமி? மேடம், லைன்ல யாரும் இல்ல. காத்து வீசுற மாதிரி ஏதோ ஒரு சத்தந்தான் வருது."

ஹோவ்லண்ட் சொன்னார்: "ஃபோனை ஏரிக்கரைல வெச்சிட்டு மீன் புடிக்கப் போயிட்டாங்களோ என்னமோ." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கூட்டம் எப்போதும் காலை பத்து மணிக்குத்தான். ஒரு மணிக்கு மாற்றியது நான். போன கோடையில் உங்கள் வீட்டு நீராவி அறையில், சவுனாவில், உட்கார்ந்திருந்தபோது நீங்கள் சொன்னீர்கள், "ஒரு மணிக்குப் பிள்ளைங்க படுத்துட்டா அப்புறந்தான் என் கை சும்மா இருக்கும்" என்று. அதை மனதில் வைத்துக்கொண்டு, மாவட்டக் கண்காணிப்பாளர்களின் மதியச் சாப்பாட்டைக் கெடுத்து, முகம் சுளிக்கவைத்து, உங்களுக்காக மாற்றினேன். நீங்கள் வரவில்லை. சரி, ஃபோனில் வருவீர்கள் என்றிருந்தேன். அதிலும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். சொந்த அண்ணிக்காகத் தலைவி விதியை வளைத்தாள் என்று பேசுவார்களே என்று பயம். வாக்கெடுப்பின்போது என் கை எனக்கு அந்நியமாக, தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெதுவாக மேலே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பிப்ரவரிக் கூட்டத்தில் அந்த இருக்கைக்குத் தன் மாவட்ட அலுவலகத்து ஆள் ஒருவரை ஆளுநருக்குப் பரிந்துரைக்கப் போகிறார் ஹோவ்லண்ட். அந்த ஆள் நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைக் கடைசியாக எப்போது தூக்கினாரோ. அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டால் பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இர்மா

*

கல்லியோ,
ஜனவரி 22

இர்மா,

கை சும்மா இருக்கும் என்றேன். ஆள் சும்மா இருப்பாள் என்று சொல்லவில்லை.

உன்மேல் தப்பில்லை என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. தப்பு இருக்கிறது. ஆனால் அது எந்த மாதிரித் தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் உன்னைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. பிள்ளைகள் தூங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். இங்கே அப்போதுதான் கதவு சாத்திக்கொள்கிறது. எனக்குத் துணையாக இருக்கிற ரோசான் ஒரு மணிக்குத்தான் சாப்பிடப் போவாள். ஒன்பது பிள்ளைகளோடு நான் ஒருத்திதான். தூங்குகிற அறையைவிட்டு அந்த ஒருத்தி நகரக்கூடாது என்பதும் உங்கள் மாநிலம் போட்ட சட்டம்தான். பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருந்தால் ரோசானையும் அவள் அம்மாவையும் விட்டுவிட்டு நான் பஸ் ஏறியிருப்பேன். அந்த அம்மா காலையில் வருவாள், மத்தியானம் அவளுக்கு மருத்துவமனையில் வேலை. நீ எனக்கு நல்லது செய்துதான் என்னை வெளியே தள்ளினாய்.

இதை எழுதும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. இந்த நேரம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ வருவதெல்லாம் சனிக்கிழமைகளில். முதலில் குட்டி மேவிஸின் கை பொம்மை முயலைவிட்டு நழுவும். அப்புறம் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள், துறையில் கட்டிய படகுகள் தாமாகவே அவிழ்ந்து நகர்வதுபோல. நீலத் திரை வழியாக வருகிற வெளிச்சத்தில் அவர்கள் முகமெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற முகங்களாகிவிடும். பனி வெளியே விழுகிறதா அறைக்குள் விழுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். ஏரி உறைந்து கிடக்கிறது. எங்கோ நடுவில் விரிசல் விடும்போது, பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் முனகுவதுபோல வீட்டுக்கடியில் ஒரு சத்தம் ஓடும். யாரும் விழிக்க மாட்டார்கள்.

கொஞ்சம் முன்னால் ஒட்டோ தூக்கத்தில் பேசினான்.

"கயிறை விடாத. விடாத."

"விடல" என்றேன்.

"கெட்டியாப் புடி."

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

சமாதானமானான். எந்தக் கயிறு, அதன் மறுமுனையில் என்ன கட்டியிருந்தது, எனக்குத் தெரியாது.

இந்த அறையில்தான் உங்கள் கூட்டத்துக்கு வந்தேன். ஃபோன் கம்பியைக் கதவடியில் இழுத்துக்கொண்டுவந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, மூச்சுக்குரலில் பேசினேன். லோர்னா கூப்பிட்டபோதெல்லாம் "இருக்கேன்" என்றேன். கைக்குழந்தைகளோடு ஒரு நாள்கூடப் பழகாதவருக்கும் மழலையர் உரிமம் கொடுக்கலாம் என்று நவம்பரில் விதி மாற்றினீர்களே, அப்போது "வேண்டாம்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். உங்கள் மாநிலம் எனக்கு உரிமம் கொடுத்ததே இந்த அறையில் என் குரலை இப்படி வைத்துக்கொள்ளத் தெரியும் என்பதற்காகத்தான். அதே குரலோடு வந்தால் ஆள் வரவில்லை என்கிறீர்கள்.

ஹில்யா

*

தலைநகர்,
ஜனவரி 29

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நவம்பர்க் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டேன். லோர்னா சத்தத்தை முழுக்கத் திருகினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, லோர்னா காற்று என்று சொன்னாளே, அது வந்தது. கொஞ்ச நேரம் கேட்டதும் அது காற்றில்லை என்று தெரிந்துவிட்டது. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி, ஒன்பது பேர் மூச்சு விடுகிறார்கள். எட்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மேகம் கிடந்தது. எனக்கு என் கால்கள் தரையில் இருப்பதாகவே தோன்றவில்லை. அப்போது உங்கள் குரல், ரொம்பப் பக்கத்தில், காதுக்குள் யாரோ பேசுவதுபோல: "இருக்கேன். ஹில்யா நீமி. இருக்கேன்."

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ மேடம், இவங்க இங்கயேதான் இருந்திருக்காங்க!"

அதே பதிவில் வேறொரு சத்தமும் கேட்கிறது. டக், டக், டக் என்று. உங்கள் குரலை மூடிக்கொண்டு வருவது அதுதான். நான் பேனாவை மேசையில் தட்டுகிறேன்.

உடனே வாரியத்தின் வக்கீலிடம் போனேன். அவர் பாதிதான் கேட்டார். "மேடம், கூட்டம் நடக்கும்போது கேட்டிருக்கணும். அப்புறமா உக்காந்து கேட்டா அது ரேடியோ நாடகம்." வக்கீல்கள் சிரிக்காமல் நகைச்சுவை சொல்வார்கள்.

வழி ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 20-ஆம் தேதி இங்கே வாருங்கள். ஹோவ்லண்டின் தீர்மானத்துக்கு முன்னால், பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. சத்தமாக, எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள். இருக்கையைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுமதி பெற்ற ஆளை நானே தேடித் தருகிறேன்.

கோபிக்காமல் ஒன்று சொல்லலாமா? நான் தலைவியானபோது நீங்கள் சொன்ன வாழ்த்து, "நாற்காலி பெருசாச்சே, கால் தரைக்கு எட்டுதா?" எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருமுறைகூட, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் களைப்பாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதில்லை. களைப்பாகத்தான் இருக்கிறது, அண்ணி.

இர்மா

*

கல்லியோ,
பிப்ரவரி 3

இர்மா,

களைப்பாக இருந்தால் படுத்துத் தூங்கு. கேட்கவில்லை என்கிறாய், இப்போது கேட்டுவிட்டேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அது நல்ல வேடிக்கை. உன் அண்ணன் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

நான் வரமாட்டேன். நான் பொதுமக்கள் இல்லை, உறுப்பினர். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை மூன்று நிமிடம் நின்றுகொண்டு கெஞ்சிக் கேட்கச் சொல்கிறாய். திருப்பித் தருகிறோம் என்று ஒரு தீர்மானம் போட்டால் அதைக் கிழித்து அடுப்பில் போடுவேன். காலியாகவே இல்லை என்றுதான் தீர்மானம் வேண்டும். எழுதிக்கொள்: "அக்டோபர், நவம்பர், டிசம்பர்க் கூட்டங்களில் ஹில்யா நீமி இருந்தார், அவர் இருக்கை காலியாகவில்லை." இதில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

வாரியத்தின் விதிகளை நீங்கள் எனக்கு அனுப்பினீர்கள். அனுப்பிய எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. ஆண்டுக்கு ஒரு கூட்டம் தலைநகருக்கு வெளியே நடக்கலாம், இடத்தைத் தலைவி முடிவு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. பிப்ரவரிக் கூட்டத்தை இங்கே வை. இந்த அறையில். ஒரு மணிக்கு. அறிவிப்பை நம்மூர்க் கூட்டுறவுக் கடைக் கதவில் ரோசான் ஒட்டிவிடுவாள்.

ரோசான் பயப்படுகிறாள். "அக்கா, அவ்வளவு பெரிய ஆளுங்களை எங்க உக்கார வெப்பீங்க?" என்கிறாள். "பாய் இருக்கு" என்றேன். "கண்காணிப்பாளர் பாய்ல உக்காருவாரா?" "உக்காரலன்னா நிக்கட்டும். ஷூ மட்டும் வெளிய."

நீ இதைச் செய்யாவிட்டால் சனிக்கிழமை சவுனாவுக்கு வரவேண்டாம். நீராவிக் கல்லைச் சூடாக்க மாட்டேன்.

ஹில்யா

*

தலைநகர்,
பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணி,

அறிவிப்பு போய்விட்டது.

ஹோவ்லண்ட் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "தொட்டில் பக்கத்துல வாரியக் கூட்டமாம்? பால் புட்டி குடுப்பாங்களா?"

"ஏலக்காய் ரொட்டி குடுப்பாங்க. சத்தம் போடுறவங்களுக்கு அதுவும் கெடையாது" என்றேன். எனக்கே தெரியாமல் உங்கள் குரலில் சொல்லிவிட்டேன்.

கணக்கு இதுதான். உங்களை விட்டுவிட்டால் பத்துப் பேர். ஆறு பேராவது இருந்தால்தான் அது கூட்டம். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் 'ஆமாம்' சொல்ல வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது நான்கு பேர், என்னையும் சேர்த்து. ஹோவ்லண்டும் அவர் பக்கத்து இரண்டு கண்காணிப்பாளர்களும் எதிராகத்தான் பேசுவார்கள். மற்ற மூன்று பேர் எப்படியும் சாயலாம். அன்றைக்குப் பனி கொட்டும் என்கிறார்கள். இந்தத் தீர்மானம் தோற்றால் அடுத்தது ஹோவ்லண்டின் தீர்மானம்தான்.

நேற்று நடுப்பகலில் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த முப்பது பையன்களும் பெண்களும் படுத்துத் தூங்குவதாக ஒரு கணம் தோன்றியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மெதுவாக எழுதினேன்.

இர்மா

*

தலைநகர்,
பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணி,

அன்று திரும்பி வரும் அவசரத்தில் உங்களோடு உட்கார்ந்து ஒரு காப்பிகூடக் குடிக்க முடியவில்லை. கூட்டக் குறிப்பை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கனவைத் திரும்பச் சொல்வதுபோல இருக்கிறது. எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

பனியைப் பார்த்து மூன்று பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள், அந்த எப்படியும் சாயக்கூடிய மூன்று பேர். ஏழு பேர் வந்தோம். வாசலில் எங்கள் ஷூக்கள் பிள்ளைகளின் குட்டிப் பனிச்செருப்புகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. சுவரோரம் பாயில், சாக்ஸ் காலோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நீங்கள் விரலை உதட்டில் வைத்தீர்கள். அந்த நீல வெளிச்சம் எல்லோர் மேலும் இறங்கியது. நான் மூச்சுக்குரலில் கூட்டத்தைத் தொடங்கினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. லோர்னா பேர் கூப்பிட்டாள். ஏழு பேரும் மூச்சுக்குரலில் 'இருக்கேன்' என்றார்கள். ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோதுதான் மேவிஸ் எழுந்தாள். கண்ணைத் திறக்காமலே போர்வையை இழுத்துக்கொண்டு நடந்து வந்து, அத்தனை பேரில் ஹோவ்லண்டின் தொடையைத் தேர்ந்தெடுத்துத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். எதிர்த்துப் பேச எழுதி வைத்திருந்த காகிதம் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தால் பிள்ளை அசையும். அவர் எடுக்கவில்லை.

விவாதம் என்று ஒன்று நடந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள், யாரோ பதில் சொன்னார்கள், எல்லாம் மிகத் தூரத்தில். ஏரி ஒருமுறை முனகியது. நான் தலை நிமிர்ந்தபோது ஹோவ்லண்டின் கன்னம் சுவர்ப் பலகையில் சாய்ந்து கிடந்தது. அவருக்கு அந்தப்பக்கம் இருந்த இரண்டு கண்காணிப்பாளர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். வாக்குக்கு விட்டேன். ஆமா. ஆமா. ஆமா. நான்காவது நான். கையைத் தூக்கவே இல்லை. சொன்னேன்.

இனி சிக்கல். ஏழு பேரில் நான்கு பேர் என்றால் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வக்கீல் நேற்று என் மேசைமேல் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்: "தூங்குறவங்க காதுல எதுவும் விழாது. காதுல விழாதவங்க வந்தவங்களா? அவங்களைக் கழிச்சா நாலு பேருதான். நாலு பேரு கூடினா அது கூட்டம் இல்ல மேடம், விருந்து."

இதற்குள் ஹோவ்லண்டுக்குச் செய்தி போய், ஃபோனில் கூப்பிட்டார். "யார் சொன்னது தூங்கினேன்னு? கண்ணு மட்டுந்தான் மூடியிருந்துச்சு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."

"சரி, தீர்மானம் என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"அது... வழக்கமா வர்றதுதானே."

மூவரும் விழித்திருந்ததாக நான் எழுதினால் ஹோவ்லண்டே ஆமோதிப்பார். மற்ற இருவரும் அவர் பின்னால் வருவார்கள். தூங்கினேன் என்று ஒப்புக்கொள்வதைவிடத் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. உங்கள் இருக்கை பிழைத்துவிடும். தூங்கினார்கள் என்று எழுதினால் கூட்டமே செல்லாமல் போகலாம். வக்கீல் கடைசியில் கையை விரித்துவிட்டார்: "தலைவி நீங்க. வருகையை நீங்க எழுதுறபடி வெச்சிக்கிறேன். ஆனா ஒரே மாதிரி எழுதணும், எல்லாருக்கும்."

அன்றைக்கு விழித்திருந்த உறுப்பினர்களில் நீங்கள்தான் அந்த அறையை அறிந்தவர். நீங்கள் சொல்கிறபடி எழுதுகிறேன்.

இர்மா

*

கல்லியோ,
பிப்ரவரி 26

இர்மா,

பொய் எழுதாதே. ஹோவ்லண்ட் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எழுந்து போகும்போது கன்னத்தில் சுவரின் பலகைத் தடம் இருந்தது.

அவர் கூட்டத்தில் இருந்தார். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், நான் எண்ணினேன். பிள்ளைகள் படுத்தபின் கால்மணிக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும், எண்ணிக் கதவுப் பக்கத்தில் குறிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அன்றைக்கு எண்ணும்போது பழக்கத்தில் எல்லோரையும் சேர்த்து எண்ணிவிட்டேன். ஒன்பது பிள்ளைகள், ஏழு உறுப்பினர்கள், லோர்னா. ஹோவ்லண்டுக்குக் கால் குளிருமே என்று ஒட்டோவின் இரண்டாவது போர்வையைப் போர்த்திவிட்டேன். தூங்குகிற பிள்ளையை வரவில்லை என்று நான் எழுதினால் நாளைக்கே ஆள் வந்து என் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளை தூங்கும்போதுதான் அது இருக்கிறது என்பதை அதிகமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எழுதிக்கொடுத்த மாநிலமும், உங்கள் வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்கிற மாநிலமும் ஒன்றுதானே?

அந்த மனிதர் சொன்னது ஒன்று மட்டும் சரி. எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத வேண்டும். எனவே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், தள்ளிப்போடாதே.

குறிப்பை நீ எழுது. ஏழு பேர் இருந்தார்கள், அவர்களில் மூன்று பேர் தூங்கினார்கள், நான்கு பேர் ஆமாம் என்றார்கள். 'தூங்கினார்கள்' என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காதே. எழுதிய கையோடு அக்டோபர், நவம்பர், டிசம்பர்க் குறிப்புகளையும் எடுத்து, 'வரவில்லை' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'இருந்தார், மெதுவாகப் பேசினார்' என்று நீயே உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடு. காதில் விழாத ஹோவ்லண்டைக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது என்றால் குரல் கேட்காத என்னையும் கழிக்க முடியாது, அதை வக்கீல் தன் பங்குக்கு எழுதித் தரட்டும். காதில் விழுந்தால்தான் வந்தவர் என்கிற விதியைத் திருத்தி எழுதும் வேலையும் அவருடையது. சிரிக்காமல் எழுதுவார், நல்லது.

கூட்டம் இனிப் பத்து மணிக்கு. கண்காணிப்பாளர்கள் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடட்டும். நான் பஸ்ஸில் வருவேன். பனியில் பஸ் ஓடாத நாளில் ஃபோனில் வருவேன். அப்போது லோர்னா சத்தத்தை முழுக்கத் திருகி வைக்க வேண்டும், என் பேரைக் கூப்பிடுமுன் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைக்க வேண்டும். நீ முதலில்.

நவம்பரில் போட்ட அந்த விதி, கைக்குழந்தையைத் தொடாதவருக்கும் உரிமம் என்பது, மார்ச்சில் மறுபடி வாக்குக்கு வர வேண்டும். நான் 'வேண்டாம்' சொன்னது இனிக் கணக்கில் வரும். முன்மொழிபவள் நான், வழிமொழிபவரை நீ தேடு.

அடுத்த ஆண்டோடு என் காலம் முடிகிறது. அந்த இருக்கைக்கு ரோசான் மனுப் போட வேண்டும். "எனக்கெல்லாம் எதுக்கு அக்கா, நான் என்னத்தைப் பேசுவேன்?" என்கிறாள். நான் சொன்னால் அதட்டுகிறேன் என்பாள். நீ சொல்லு. சனிக்கிழமை வரும்போது சொல்லு, கல் ஐந்து மணிக்கெல்லாம் சூடாகியிருக்கும்.

ஹோவ்லண்ட் எதிர்க்க நினைத்தால் எழுத்தில் எதிர்க்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் நான்கு நாளாக மேவிஸ் படுக்க மாட்டேனென்கிறாள். பாயில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்க்கிறாள். "பெரிய ஆளு எங்க?" என்று கேட்கிறாள். அவர் மாநில அலுவலகத்தில் விரல் ரேகை கொடுத்து, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கான பாடத்தை முடித்து, சான்றிதழோடு ஒரு வெள்ளிக்கிழமை வரட்டும். இத்தனை பேருக்கு உரிமம் கொடுத்தவருக்கு ஒன்று வாங்குவது கஷ்டமாக இருக்காது. காகிதம் எதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரவேண்டாம், பிள்ளைக்குக் குத்தும்.

ஒட்டோ முழங்காலால் போர்வையை உதைக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவார்கள். ரோசான் பாலைச் சூடாக்க வேண்டும், ஆப்பிளை நறுக்க வேண்டும். திரையை விலக்குவது என் வேலை. விலக்கப் போகிறேன்.

உன் அண்ணி,
ஹில்யா